சுறா எண்ணெய் பூசிய கிட்டார்

சுறா எண்ணெய் வாடை ஆகாதவர்கள் எங்கள் தெருவில் பெண் எடுக்க வரக்கூடாது என்பார் அப்பா. அவர் தோணித் தண்டல். பாய்மரத் தோணிக்குத் தலைவராக இருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர். மரமும் இரும்பும் உப்புக் காற்றில் பிழைக்க வேண்டுமானால் சுறா எண்ணெயை விட்டால் கதியில்லை என்று நம்பினார். நம்பினார் என்று சொல்வதுகூடச் சரியில்லை, அது அவருக்குச் சந்தேகமே வராத விஷயம். குங்கிலியம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஒரு டின் எங்கள் வீட்டுப் பின்கட்டில் எப்போதும் இருக்கும். தோணிக்குப் பூசியது போக மிச்சம் வீட்டுக்கு. கச்சான் என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று தொடங்கும் முன் ஜன்னல் சட்டம், கதவுக் கீல், கட்டில் கால், அம்மாவின் தையல் மெஷின், என் சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஒரு கை பூசிவிடுவோம். மாதா சுரூபம் வைத்த மரப்பெட்டிக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்கு வீடே நாறும். பிறகு மூக்கு பழகிவிடும், வருகிற விருந்தாளிகள் பாடுதான் திண்டாட்டம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு எல்லாரும் இந்தப் பழக்கத்தைத்தான் குற்றம் சொன்னார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் நேராகக் கரையணையத் தொடங்கியிருந்தன. நான் ஒரு கிளியரிங் ஏஜெண்டு ஆபீஸில் டைப்பிஸ்ட். வயது இருபத்துநாலு. முகூர்த்த நாட்களில் கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிப்பேன். என்னோடு மூன்று பேர்: ஒருவன் அக்கார்டியன், ஒருவன் டிரம், ஒருவன் பாட்டு. என்னிடம் இருந்தது கழுத்து வளைந்த ஒரு மரக் கிட்டார். மைக்செட்காரர் அதன் வயிற்றுக்கு நேரே ஒரு மைக்கை வைப்பார். டிரம்காரன் கையைத் தூக்கிவிட்டால் நான் வாசிப்பது எனக்கே கேட்காது. கேட்காததால்தான் உன்னை இன்னும் வைத்திருக்கிறோம் என்பான் பாட்டுக்காரன். நானும் கூடச் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும்.

அக்காவைக் கட்டிய அத்தானுக்கு வெளிநாட்டுக் கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலை. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் எல்லாம் சேர்த்து எட்டு மாதம் வீட்டில் இருந்திருப்பார். மகள் பிறந்தபோது அவர் எந்தக் கடலில் இருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா எங்களோடுதான் இருந்தாள். அந்தத் தடவை அவர் வந்தபோது பிள்ளைக்கு மூன்று வயது. இரண்டாவது நாள் காலையில் அது அவரைக் காட்டி அக்காவிடம், "இந்த மாமா எப்பம்மா போவும்?" என்று கேட்டது. அத்தான் சிரித்தார். ஆனால் மத்தியானம் சாப்பிட உட்காரவில்லை, பசியில்லை என்றார்.

அன்று சாயங்காலம்தான் அந்த நீளப் பெட்டியைத் திறந்தார். எங்கள் ஊரில் கப்பல்காரன் பெட்டியைத் திறந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் போகும். சோப்பு வாசனையையும் சிகரெட் வாசனையையும் எதிர்பார்த்து நாங்கள் எல்லாரும் குனிந்தோம். வந்தது தோலின் வாசனை. உள்ளே கறுப்பு வெல்வெட்டில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் படுத்திருந்தது.

அப்படி ஒன்றை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பெரும் பணக்காரர்கள் வைத்திருக்கும் ஒரு காரை மனதில் வைத்து யாரோ அதைச் செய்திருந்தார்கள். உடம்பு அந்தக் காரின் முன்பக்கம் போல நீண்டு இறங்கியது. நிறம் கறுப்புக்குப் பக்கத்திலிருக்கும் சிவப்பு, காருக்கு அடிக்கிற அதே பெயிண்ட். குனிந்தால் முகம் தெரிந்தது. ஓரம் முழுவதும் வெள்ளிபோல ஒரு பட்டை. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் காரின் டேஷ்போர்டில் இருப்பவை மாதிரி. முதுகில் கார் சீட்டுக்குத் தைக்கிற பழுப்புத் தோலை மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். கீழ்க்கோடியில் அந்தக் காலத்துக் கார்களின் பின்புறத்தில் எழும்பி நிற்குமே, அதுபோல இரண்டு முனைகள். அப்பா அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏலே, இதென்ன பீலி வச்சிருக்கு?" என்றார். சுறாவின் முதுகுத் துடுப்புக்கு எங்களிடம் பீலி என்று பெயர்.

கழுத்து சேரும் இடத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகடும் அதில் ஒரு எண்ணும் இருந்தன. ஒரு சிறு பட்டறையில் ஒருவர் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மட்டும் செய்து, எண் போட்டு, அதோடு நிறுத்திவிட்டாராம். எங்கோ ஒரு துறைமுகத்தில் சாராயக் கடை ஒன்றின் வயரிங் எரிந்துபோக, அத்தான் இரண்டு நாள் உட்கார்ந்து அதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். பழைய கிட்டார் ஒன்று கிடக்கிறது, எடுத்துக்கொள் என்று கடைக்காரர் கொடுத்தது இது. இரண்டு பேருக்குமே அதன் அருமை தெரியாது. கப்பலின் ரேடியோ ஆபீசர்தான் ஒரு பத்திரிகையில் அதன் படத்தைக் காட்டி விவரம் சொன்னார். மெட்ராஸில் பெரிய ஹோட்டல் ஒன்றில் இசைக்குழு நடத்தும் ஒருவர் இதற்காகத் தவம் கிடக்கிறார் என்று அவருடைய விலாசத்தையும் கொடுத்தார்.

அத்தானுக்கு வாசிக்கத் தெரியாது. அவர் அதைத் தூக்கி வந்தது விற்பதற்கு. விற்று ஆத்தூரில் ஒரு கடை போடுவதாகத் திட்டம். அங்கே வெற்றிலைக் கொடிக்கால்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் அடிக்கடி புகைந்துவிடும். காயில் கட்ட ஆள் இல்லாமல் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடை போட்டுவிட்டால் மறுபடி கப்பல் ஏற வேண்டாம். அக்காவும் ஆத்தூர் போய் வீடு பார்த்துவிட்டு வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஏலே, அங்கன கெணத்துத் தண்ணி இனிக்கிலே. சோப்பு போட்டா நுரைக்கி. நம்ம தண்ணில தேச்சுத் தேச்சு கைதான் தேயுது" என்றாள். நாலைந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டி முன்கூட்டியே அனுப்பியும்விட்டாள்.

மெட்ராஸ்காரருக்கு இங்கிலீஷில் கடிதம் அடித்தது நான். பதிலைப் படித்துச் சொன்னதும் நான். கேட்ட விலைக்குச் சம்மதம். ஒரு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன். அதன் மதிப்பே முதலில் அடித்த பெயிண்டிலும் தோலிலும்தான், அது அப்படியே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். அந்த ஒரு மாதத்தில்தான் வினை வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. அத்தான் அதன் பின்னால் ஒரு வயரைச் சொருகி, மறுமுனையைக் கிட்டாரில் மாட்டி, "வாசிச்சுப் பாரு மாப்ளே, சும்மா கெடந்தா வீணாப் போவும்" என்றார். முதல் கம்பியைத் தட்டினேன். சத்தம் ரேடியோவுக்குள்ளிருந்து வந்தது. நான் விரலை எடுத்த பிறகும் நின்றது. தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். பதினாறு வயதிலிருந்து கிட்டார் பிடிக்கிறேன், நான் வாசித்து ஒருவர் நின்றது அதுதான் முதல் தடவை.

தினமும் ஆபீஸ் விட்டதும் ஓடி வருவேன். ஆபீஸில் பில் அடிக்கும்போது விரல்கள் தனியாக எதையோ தேடிக்கொண்டிருக்கும். அக்கார்டியன்காரன் ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, "இது உன் கையில இருந்தா நம்மள கயத்தாறு வரைக்கும் கூப்பிடுவாம்லே" என்றான். அது விற்கப்போகிற சாமான் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

புதன்கிழமைக்கு முந்தின வாரம் அத்தான் ஆத்தூரில் தங்கிக் கடைக்கு வயரிங் செய்யப் போனார். போகும்போது, "கச்சான் தொடங்கிருச்சு மாப்ளே. அதுல உப்புக் காத்து படாமப் பாத்துக்கிடு" என்றார். சனிக்கிழமை எனக்கு அரைநாள் ஆபீஸ். அம்மாவும் அக்காவும் பிள்ளையும் வெள்ளையடித்த வீட்டைக் கழுவ ஆத்தூர் போயிருந்தார்கள். அப்பா கடற்கரையில். வீட்டில் நான் மட்டும்.

டின்னை எடுத்து வந்தேன். இதுவரை சொன்னதில் பொய் இல்லை. காப்பதற்காகத்தான் எடுத்தேன். எங்கள் வீட்டில் உப்புக் காற்றிலிருந்து ஒரு பொருளைக் காப்பது என்றால் வேறு வழி யாருக்கும் தெரியாது. பின்பக்கம், பெயிண்டின் ஓரத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தேய்த்துவிட்டு, எண்ணெய் இறுகாமலிருக்க டின்னில் கொஞ்சம் டர்பன்டைன் ஊற்றினேன். அந்தக் கலவையால் இன்னொரு தடவை தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அந்த இடத்தில் பளபளப்பு போயிருந்தது. துடைத்தேன், திரும்பி வரவில்லை. நகத்தால் தொட்டேன். பெயிண்ட் இளகி நகத்தோடு வந்தது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். பின்பக்கம் ஒரு ரூபாய் அகலம், விலை கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். கையில் துணியோடு உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை மெட்ராஸ்காரர் வருவார், அதற்குப் பிறகு டிரம்முக்குப் பின்னால் கேட்காத கிட்டாரை நான் மறுபடி தட்டிக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன். அக்காவும் ஆத்தூர்க் கிணறும் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வந்தார்கள். பிறகு துணியை அந்தக் கலவையில் நன்றாக நனைத்து முன்பக்கம் முழுவதும் பூசினேன். தோலையும் விடவில்லை. ஜன்னலுக்குப் பூசுவதுபோல மேலிருந்து கீழாக, நிதானமாகப் பூசினேன். கம்பிகளிலும் அவற்றுக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கிற காயில்களிலும் ஒரு சொட்டுக்கூடப் படாமல் பார்த்துக்கொண்டேன்.

பூசும்போது கோபமாக இருந்தது. வாசிக்கத் தெரியாதவருக்கு அது சும்மா கிடைக்கும், காசிருப்பவர் வந்து எடுத்துக்கொண்டு போவார், நடுவில் நான் டைப் அடித்துக்கொண்டிருப்பேன் என்ற கோபம். அதற்குப் பொறாமை என்று பெயர். எனக்கு அது அப்போதே தெரியும்.

திங்கட்கிழமை அத்தான் வந்து பெட்டியைத் திறந்தார். வாடை கூடம் முழுக்கப் பரவியது. இரண்டு நாளில் எண்ணெய் உறைந்து பழுப்பாக, பிசின்போல ஆகியிருந்தது. அடியில் பெயிண்ட் சுருங்கிக் கிடந்தது. அவர் கத்தவில்லை. "என்ன மாப்ளே பூசுன?" என்று மட்டும் கேட்டார்.

"சுறா எண்ணெய். உப்புக் காத்து படக் கூடாதுன்னு சொன்னியளே" என்றேன்.

அத்தான் பதில் சொல்லும் முன் அப்பா பாய்ந்தார். "அவன என்னத்துக்கு மாப்ள கேக்கியோ? தண்டல் வீட்டுப் பய வேற என்னத்தப் பூசுவான், சென்ட்டா? பீலி வேற வச்சிருக்கு, பெறவு பூசாம என்ன செய்வான்?" என்றார். என் மேல் தப்பில்லை என்று அவர் உண்மையாகவே நினைத்தார். அம்மாவும் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் தெருவே வந்து பார்த்துவிட்டு, அவசரப்பட்டுட்டியேலே, ஆனா நீயும் நல்லதுக்குத்தான் செஞ்ச என்று சொல்லிவிட்டுப் போனது. நான் தலையைக் குனிந்து நின்றேன். அதை அவர்கள் வருத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். சீயக்காய், கடலை மாவு, எலுமிச்சம்பழம் என்று மாற்றி மாற்றித் தேய்த்தாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய் போகப் போகப் பெயிண்டும் சேர்ந்து போனது. சாம்பிராணி போட்டதில் இரண்டு வாடையும் கலந்து இன்னும் மோசமானது. கார் வேலை செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, ஒரு நாள் குடுங்க, அம்பாசிடர் கறுப்பு அடிச்சுத் தாரேன், யாரு கண்டா?" என்றார். அத்தான் சிரிக்க முயன்றார். உள்பக்கத்தைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல காலம், காயில்ல ஒண்ணும் படல" என்றார்.

தந்தி அடித்து வர வேண்டாம் என்று சொல்லலாம் என்றேன். வரட்டும், கண்ணால் பார்க்கட்டும், ஒருவேளை வேண்டும் என்பார் என்றார் அத்தான். புதன்கிழமை மெட்ராஸ்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்ட நல்ல மனிதர். பெட்டியைத் திறந்ததும் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோய், மரியாதை இல்லையென்று நினைத்தாரோ என்னவோ, உடனே எடுத்துவிட்டார். வெகு நேரம் குனிந்து பார்த்தார். பித்தளைத் தகட்டை மட்டும் விரலால் தொட்டார். புதிதாகப் பெயிண்ட் அடித்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று அத்தான் கேட்டார். "அடிச்சா அது வேற கிட்டார் சார். என்கிட்ட வேற கிட்டார் இருக்கு" என்றார் அவர். எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, சாயங்கால ரயிலில் மெட்ராஸுக்குத் திரும்பினார்.

அதற்கப்புறம் எல்லாம் சீக்கிரம் நடந்தது. கடைக்குச் சொல்லி வைத்த இடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டார். வெள்ளையடித்த வீட்டில் வேறு குடும்பம் வந்தது. அக்காவின் பாத்திரங்கள் அதே சாக்கில் திரும்பி வந்தன. அத்தான் பம்பாயிலிருந்த கப்பல் கம்பெனிக்கு எழுதினார், மூன்றாவது வாரம் கப்பலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பிள்ளை அதற்குள் அவரை அப்பா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தது. கடிதத்தை வாசித்துச் சொன்னதும் நான்தான். அக்கா கேட்டுவிட்டு, ஈரத் துணிகளை எடுத்துக்கொண்டு காயப்போடப் போனாள். அவள் பின்னாலேயே போய்ச் சொல்லிவிட நினைத்தேன். கதவு வரை போனேன். அவள் ஒவ்வொரு துணியாக உதறிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

கிட்டாரை அத்தான் என்னிடம் கொடுத்தார். "விக்கதுக்குத்தான் ஆவாது, வாசிக்க ஆவும்லா. நீ வச்சுக்கிடு" என்றார். நான் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன், மூன்றாவது தடவை சொல்லவில்லை. அந்த வாரமே ஒரு கல்யாண வீட்டில் வாசித்தேன். மைக்செட்காரர் தன் பெட்டியோடு அதை இணைத்தார். மாமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் என் கிட்டார் டிரம்மை அமுக்கிக்கொண்டு வந்தது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தானும் வந்திருந்தார், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கடைசி வரை நின்று கேட்டார். என் வாழ்க்கையிலேயே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அதுதான். இதையும் சொல்லத்தானே வேண்டும்.

நாற்றம் போகவில்லை. "வாடை கிட்டார்" என்று எங்கள் குழுவுக்குப் பட்டப்பெயர் வந்தது. ஆனாலும் கூப்பிட்டார்கள். ஆத்தூருக்கும் கூப்பிட்டார்கள், கயத்தாறுக்கும் கூப்பிட்டார்கள். நான்கு வருஷத்தில் டைப்பிஸ்ட் வேலையை விட்டேன். அத்தான் பதினோரு வருஷம் கப்பலில் இருந்தார். பிள்ளை பெரியவளாகி, அவருக்கு எழுதும் கடிதங்களில் என்ன எழுதுவது என்று என்னிடம் வந்து கேட்பாள்.

அந்தத் தடவை அவர் கப்பலுக்குக் கிளம்பிய நாள் ஒரு முகூர்த்த நாள். மாலையில் எனக்குக் கல்யாண வீடு இருந்தது. காலையில் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அக்காவும் பிள்ளையும் ஜன்னலோரம் நின்றார்கள். பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அக்கா ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்டுபிடித்துவிட்டார், தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவர் என் தோளில் கைவைத்து, "மாப்ளே, ஒண்ணு சொல்லுதேன். கொஞ்ச நாளா உன் மொகமே சரியில்ல. நீ அறியாமச் செஞ்சது. எங்க வீட்டுலயும் அதத்தான் பூசுவோம், நான் இருந்தாலும் அதத்தான் பூசியிருப்பேன். அத மனசுல வச்சுக்கிட்டு வாசிக்காம இருந்துராத, என்ன?" என்றார்.

சொல்வதற்கு நேரம் இருந்தது. வண்டி இன்னும் ஊதவில்லை.

"சரி அத்தான்" என்றேன்.

அவர் சிரித்து என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். அன்று மாலை கல்யாண வீட்டில் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன்.